தொழுவத்துத் தூசி

விடியலில் ஆயா தொழுவம் கூட்டும்போது என்னை வைக்கோல் போர் ஓரமாக உட்காரவைத்துவிடுவாள். கோமிய நெடி, துடைப்பச் சரசரப்பு, கன்று மடியை முட்டும் சத்தம். கூரை ஓட்டை வழியே இறங்கும் வெயிலில் தும்பு மிதக்கும். அதைக் கையால் பிடிக்கப் பார்ப்பேன். மூக்கெல்லாம் அந்தத் தூசிதான்.

இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். நிலம் தொழிற்பேட்டைக்குப் போனதும் மேய்ச்சலுக்கு இடமில்லாமல் மாடுகளை விற்றோம். தொழுவத்தில் சிமென்ட் தரை வந்தது. அங்கே கார் உற்பத்தி தொடங்கிய 1998இல் தம்பி பிறந்தான்.

நாலு வயதில் அவனுக்கு இழுப்பு. நடுராத்திரியில் எழுந்து, முழங்காலில் கையூன்றிக் குனிந்து உட்கார்ந்திருப்பான். நெஞ்சுக்குள் விசில் கேட்கும்; விலாவுக்கு நடுவே தோல் குழியும். தூதுவளை ரசத்தோடு பக்கத்தில் இருந்த ஆயா, "மாடு கட்டியிருந்த வரைக்கும் இந்த வீட்ல எவனுக்கும் இழுப்பு வந்ததில்லடா" என்றாள். அதை நம்பி, பொங்கலுக்குப் போனபோது மாமா வீட்டுத் தொழுவத்தில் அவனை விளையாட விட்டோம். அரைமணியில் உதடு கறுத்தது. மொபெட்டில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம்.

ஆயா சொன்னது பாதி உண்மை என்று பிறகுதான் படித்தேன். அமெரிக்காவில் வீட்டோரம் மாடு வளர்க்கும் ஆமிஷ் மக்களையும், இயந்திரப் பண்ணைகளை வீட்டுக்குத் தள்ளி வைத்திருக்கும் ஹட்டரைட் மக்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2016இல் வெளியானது. இரு கூட்டத்துக்கும் பூர்வீகம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆஸ்துமாவோ ஆமிஷ் பிள்ளைகளில் சுமார் 5 சதவீதம், மற்றவர்களில் 21. ஆமிஷ் வீட்டுத் தூசியில் பாக்டீரியாவின் எச்சம் ஏழு மடங்கு. அது பச்சைக் குழந்தைப் பருவத்திலேயே உடம்பின் எதிர்ப்பு சக்திக்குப் பழக்கம் கற்றுக்கொடுப்பதாகக் கருதப்படுகிறது. எங்கள் வீட்டில் எனக்குக் கிடைத்தது அதுவாக இருக்கலாம். ஆனால் நோய் வந்து மூச்சுக்குழாய் புண்பட்டிருக்கும் பிள்ளைக்கு அதே தும்பு எதிரி.

டாக்டர் எழுதிய ஸ்டீராய்டு இன்ஹேலரை, அதாவது பஃபை, அம்மா அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தாள். "பழகிடும்" என்ற பயம். அந்தப் பயம்தான் தம்பியின் பல ராத்திரிகளைத் தின்றது. தினமும் இழுக்கும் ஸ்டீராய்டு மிகச் சிறிய அளவு. அது குழாயின் வீக்கத்தைத் தணிக்கிறது, அடிமையாக்குவதில்லை. மூச்சு லேசானதும் நாமாக நிறுத்தினால் வீக்கம் திரும்பும்.

தம்பி இப்போது ஒரகடத்தில் ஷிப்ட் வேலைக்குப் போகிறான். காலையும் இரவும் தவறாமல் பஃப் எடுக்கிறான். ராத்திரியில் எழுந்து உட்காருவதில்லை.