ஏறி இறங்கிய ஒரு வாரம்



நம்முடைய பத்திரிகையில் வருகிற ஊழியச் சாட்சிகள் பெரும்பாலும் நன்றாக முடியும். போனோம், ஜெபித்தோம், இத்தனை பேர் வந்தார்கள், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அப்படிப்பட்ட சாட்சிகளை வாசிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் இந்தமுறை என்னை எழுதச் சொன்னபோது, சொல்லிக்கொள்ளும்படி என் கையில் ஒன்றும் இல்லை. இருந்ததெல்லாம் சோர்வில் போன ஒரு வாரம்தான். அதையே எழுதுகிறேன்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடங்கள் திறந்ததும் எங்கள் ஐக்கியத்தில் ஒரு தீர்மானம் எடுத்தோம். சபைக்கு வராமல் நின்றுபோன குடும்பங்களைப் பழைய பதிவேட்டிலிருந்து எடுத்து, ஒரு வாரம் வீடு வீடாகச் சந்திப்பது. பிள்ளைகளை ஞாயிறு பள்ளிக்கும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கும் அழைப்பது. இரண்டு இரண்டு பேராகப் பிரித்தார்கள். என்னைவிட மூத்த அக்கா ஒருவரோடு எனக்குப் பபேடான் பகுதி கிடைத்தது. பட்டியலில் 22 வீடுகள். நான் பிறந்து வளர்ந்த இடம் என்பதால், இது சுலபம் என்று நினைத்தேன்.

வெளியூர் வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். சூலே பகோடாவுக்கு மேற்கே, ஸ்காட் மார்க்கெட்டிலிருந்து ஆற்றுப் பக்கமாக இறங்கும் குறுகலான தெருக்கள்தான் எங்கள் பபேடான். பல தெருக்களுக்கு எண்தான் பெயர். கோயில், மசூதி, 26-ஆம் தெருவில் யூதர்களின் ஜெப ஆலயம் எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும். பழைய கட்டடங்களில் லிப்ட் கிடையாது. படிகள் ஏணி மாதிரிச் செங்குத்தாக இருக்கும். அதனால் பால்கனிகளிலிருந்து தெருவரைக்கும் கயிறு தொங்கவிட்டிருப்பார்கள். கயிற்றின் நுனியில் ஒரு கிளிப்போ பையோ இருக்கும். கீழே நின்று இழுத்தால் சில வீடுகளில் மேலே மணி அடிக்கும். செய்தித்தாள், பில், காய்கறி எல்லாம் அந்தக் கயிற்றில்தான் மேலே போகும்.

திங்கட்கிழமை ஆறு வீடுகளுக்கு ஏறினோம். இரண்டு வீடுகளில் வேறு ஆட்கள் குடியிருந்தார்கள். ஒரு வீட்டில் பிள்ளைகள் எல்லோரும் வேலைக்கென்று வெளிநாடு போய்விட்டார்கள். ஒரு பாட்டி மட்டும் இருந்தார். இன்னொரு வீட்டில் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னப் பையன், "அமே மஷீபூ" என்றான். பர்மிய மொழியில் அம்மா இல்லை என்று அர்த்தம். அப்படிச் சொல்லும்படி அம்மா அவனுக்குச் சொல்லிக்கொடுத்த சத்தமும் எங்களுக்குக் கேட்டது. அக்காவும் நானும் படியிறங்கும்வரை அடக்கிக்கொண்டு, தெருவுக்கு வந்து சிரித்தோம். கதவு திறக்காத வீடுகளின் கயிற்றில் அழைப்பு நோட்டீஸை மாட்டிவிட்டு வந்தோம். அன்று சிரிக்க முடிந்தது.

செவ்வாய்க்கிழமை மழை பிடித்தது. மத்தியானத்துக்குள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். பைக்குள் இருந்த நோட்டீஸ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஐந்து வீடுகளில் ஒரு வீட்டில் மட்டும் உட்காரச் சொன்னார்கள். அவர்களும், "பார்க்கலாம்மா" என்றார்கள். நம்முடைய ஜனங்கள் 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

புதன்கிழமைதான் உண்மையில் அடி விழுந்தது. திங்கட்கிழமை திறக்காத ஒரு நாலாவது மாடி வீட்டுக்கு மறுபடியும் போனோம். ஒரு தாத்தா கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. நான் மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"என் வீட்டுக்காரி மூணு மாசம் படுக்கையில கிடந்தா. அப்ப உங்க சபையில இருந்து இந்தப் படியில யாரு ஏறினீங்க? இப்ப ஆள் சேர்க்க வந்துட்டீங்களா?"

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். கதவு மூடிவிட்டது. கீழே வந்து பார்த்தால், திங்கட்கிழமை நாங்கள் மாட்டின நோட்டீஸ் அவர் கயிற்றிலேயே நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதை மேலே இழுக்கவே இல்லை.

வியாழக்கிழமை அக்காவுக்குக் காய்ச்சல். நான் தனியாகப் போனேன். போனேன் என்றுதான் வீட்டில் சொன்னேன். உண்மையில் ஒரே ஒரு வீட்டுக்கு ஏறிவிட்டு, ஒரு டீக்கடையில் போய் உட்கார்ந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வாசிக்கவேண்டிய அறிக்கைக்காக என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. 'வருவதாகச் சொன்ன பிள்ளைகள்' என்ற இடத்தில் பென்சிலால் 5 என்று எழுதினேன். 'பார்க்கலாம்' என்றவர்களையும் சேர்த்துக்கொண்டால் அது முழுப் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை பகல் முழுவதும் வீட்டைவிட்டுக் கிளம்பவே இல்லை. இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை, ஆண்டவர் வேறு யாரையாவது அனுப்பிக்கொள்ளட்டும் என்று இருந்தேன்.

அன்று மாலை ஜெபக்கூட்டம் முடிந்து எல்லோரும் போனபின், போதகர் ஐயா கேட்டார்: "ஊழியம் எப்படிம்மா போகுது?"

"நல்லாப் போகுது ஐயா" என்றேன். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், டீக்கடையையும் பென்சில் எழுத்தையும் சேர்த்து. அவர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது, "இன்னைக்குச் சாப்பிட்டியாம்மா?"

சூரைச்செடியின் கீழே சாகவேண்டும் என்று படுத்திருந்த எலியாவுக்கு ஆண்டவர் முதலில் அனுப்பினது பிரசங்கம் அல்ல, அப்பமும் தண்ணீரும் தூக்கமும்தான் என்று சொன்னார். பிறகு அதோனிராம் ஜட்சனைப் பற்றிப் பேசினார்.

ஜட்சன் ஐயரை எனக்கு ஞாயிறு பள்ளியிலிருந்தே தெரியும். பர்மிய மொழியில் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர், ஆவா சிறையில் விலங்கு மாட்டப்பட்டுக் கிடந்தவர். ஆனால் சிறைக்கு முந்தைய வருஷங்களைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. 1812-இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்ட ஜட்சனையும் அவர் மனைவி ஆனையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கல்கத்தாவில் தங்கவிடவில்லை. அங்கும் இங்கும் அலைந்து நம்முடைய மதராசுக்கு வந்து, 1813 ஜூன் மாதம் அங்கேயிருந்துதான் ரங்கூனுக்குக் கப்பல் ஏறினார்கள். வழியில் கடலிலேயே முதல் குழந்தை இறந்து பிறந்தது. ஜூலை 13-ஆம் தேதி இந்த ஊரில் கால் வைத்தார்கள். 1815-இல் பிறந்த மகன் ரோஜர் எட்டு மாதத்தில் மரித்துப்போனான்.

1817 டிசம்பரில் ஜட்சன் சிட்டகாங்குக்குக் கப்பல் ஏறினார். காற்று கப்பலை வேறு திசைக்குத் தள்ளி, கடைசியில் மசூலிப்பட்டணத்தில் கொண்டுபோய் விட்டது. அங்கிருந்து மதராசுக்கு வந்து, ரங்கூனுக்குத் திரும்பக் கப்பல் கிடைக்காமல் பல மாதம் காத்துக்கிடந்தார். அவர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாமல் ஆன் அம்மையார் இந்த ஊரில் இருந்தார். ஒருமுறை மனசு விட்டுப்போய் ஊரைவிட்டுப் போகக் கப்பலிலும் ஏறிவிட்டார். பிறகு இறங்கித் திரும்பி வந்தார். 1818 ஆகஸ்டில்தான் ஜட்சன் வந்து சேர்ந்தார். அதுவரை ஒரே ஒரு பர்மியர்கூட ஞானஸ்நானம் பெறவில்லை. மவுங் நவ் என்பவர் முதல் ஆளாக ஞானஸ்நானம் பெற்றது 1819 ஜூன் 27-ஆம் தேதி. ஏறக்குறைய ஆறு வருஷம்.

"ஆறு வருஷமும் அவர் அறிக்கையில என்ன எழுதியிருப்பார்?" என்று ஐயா கேட்டார். நான் பேசவில்லை.

"சந்தோஷமா இருந்தாரான்னு கேட்டா, எப்பவும் இல்லை. பின்னால ஆன் அம்மையாரும் சின்ன மகளும் அடுத்தடுத்து மரிச்சப்ப, காட்டுல ஒரு குடிசை போட்டுத் தனியா இருந்து, தனக்குத்தானே குழி வெட்டி வச்சுப் பக்கத்துல உட்கார்ந்திருந்தவர் அவர். சோர்ந்துபோறது பாவம் இல்லைம்மா. ஆனா ஆள் வராத அந்த ஆறு வருஷத்துல பாஷையைப் படிச்சார். இலக்கணம் எழுதினார். மத்தேயுவை மொழிபெயர்த்தார். அப்புறம், ஜனங்க நடக்கிற பாதை ஓரமா ஒரு சயாத் கட்டினார்."

சயாத் என்றால் நம் ஊர்ச் சாவடி மாதிரி, வழிப்போக்கர்கள் உட்கார்ந்து இளைப்பாறும் கொட்டகை. அதைக் கட்டின சில மாதங்களுக்குள்தான் மவுங் நவ் வந்தார். ஜனங்களை அழைத்துக்கொண்டே இருந்தவர், ஜனங்கள் உட்காருகிற இடத்தில் தாமும் போய் உட்கார்ந்தார்.

"போய்ச் சாப்பிட்டுத் தூங்கு. நாளைக்கு நோட்டீஸ் எடுக்காமப் போ" என்று ஐயா ஜெபித்து அனுப்பினார்.

சனிக்கிழமை காலை பெரிய உற்சாகம் ஒன்றும் பொங்கிவிடவில்லை. கால் கனமாகத்தான் இருந்தது. ஒரே ஒரு வீட்டுக்குப் போவது, மன்னிப்புக் கேட்பது, திரும்பிவிடுவது என்று கிளம்பினேன். மின்சாரம் இல்லாத நேரம். கரண்ட் இல்லாவிட்டால் மோட்டார் ஓடாது, மாடிக்குத் தண்ணீர் ஏறாது. அந்தத் தாத்தா கட்டடத்தின் கீழே, ஒரு பிளாஸ்டிக் கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் ஒன்றும் பேசாமல் கேனை எடுத்துக்கொண்டு ஏறினேன். அவர் வேண்டாம் என்று சொல்வதற்குள் முதல் மாடியைத் தாண்டிவிட்டேன். மூன்று தடவை ஏறி இறங்கினேன். மூன்றாவது தடவை மேலே வந்தபோது அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். சுவரில் அந்தப் பாட்டியின் படம் இருந்தது.

"தாத்தா, அப்ப நாங்க வரலை. தப்புதான். மன்னிச்சிருங்க" என்றேன்.

கொஞ்சநேரம் சும்மா இருந்தார். "நீ அப்ப சின்னப் பிள்ளையா இருந்திருப்ப" என்றார். பிறகு, "அவ நல்லாப் பாடுவா" என்றார். அவ்வளவுதான். நான் அவரைச் சபைக்குக் கூப்பிடவில்லை. கிளம்பும்போது சொன்னார்: "இனிமே வந்தா படி ஏறாத. கயித்தை இழு, மணி கேட்கும்." கீழே வந்து, அவர் கயிற்றில் கிழிந்து தொங்கின நோட்டீஸை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு பள்ளிக்கு எங்கள் பட்டியலிலிருந்து ஒரு பிள்ளையும் வரவில்லை. ஐக்கியக் கூட்டத்தில் அறிக்கை வாசிக்க எழுந்தேன். பென்சில் 5-ஐ அதற்கு முன்பே அழித்துவிட்டேன். "பட்டியலில் இருந்த வீடுகள் 22. போனவை 17. கதவு திறந்தவை 9. புதிதாக வந்த பிள்ளைகள் 0. ஒன்றரை நாள் நான் ஊழியத்துக்குப் போகாமல் இருந்தேன்" என்று வாசித்தேன். யாரும் கைதட்டவில்லை. அந்தத் தாத்தா சொன்னதையும் சொன்னேன். பெரியவர்கள் சிலர் தலை குனிந்தார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு தம்பி கேட்டான்: "அக்கா, அந்தத் தெருவுல கரண்ட் எந்த நேரம் போகும்?"

இப்போது எங்கள் ஐக்கியத்தில் ஒரு புதிய பட்டியல் இருக்கிறது. மாடியில் தனியாக இருக்கிற முதியவர்கள் யார், யாருக்கு என்றைக்குத் தண்ணீர் தூக்கவேண்டும் என்ற பட்டியல். பதிவேட்டில் பெயர் இல்லாதவர்களும் அதில் இருக்கிறார்கள். முதல் நாள் பார்த்த பாட்டியின் வீடும் இருக்கிறது. தாத்தா இதுவரை சபைக்கு வரவில்லை. வருவாரா என்று எனக்குத் தெரியாது.

தம்பி தங்கைகளே, சோர்வு வராமல் இருக்க எனக்கு வழி தெரியவில்லை. சோர்வு வந்தால் அதை மறைக்காதீர்கள், நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், சாப்பிட்டுத் தூங்குங்கள், கணக்கை உள்ளபடி எழுதுங்கள். பிறகு, நீங்கள் சொல்லப்போவதை ஒருபக்கம் வைத்துவிட்டு, அவர்களுக்கு என்ன தேவை என்று பாருங்கள். நன்மை செய்வதில் சோர்ந்துபோகாமல் இருக்கும்படி கலாத்தியருக்குப் பவுல் எழுதினபோது, அறுப்பு எந்தத் தேதியில் என்று அவர் எழுதவில்லை. அது கர்த்தர் குறிக்கும் காலம்.

இந்த வியாழக்கிழமை என்னுடைய முறை. நான் போய்க் கயிற்றை இழுப்பேன். கேன் பிடிக்க இன்னும் இரண்டு கைகள் தேவைப்படுகின்றன. வருகிறீர்களா?