நிழலை இறக்குகிறவர்கள்

ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூர் வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்தபடியே நடக்கலாம். மல்லேஸ்வரத்திலும் ஜெயநகரிலும் குல்மோஹர் சிவந்து கிடக்கும். அகன்ற சாலைகளில் தூங்குமூஞ்சி மரங்கள் பந்தல் போட்டிருக்கும். 1908-இல் லால்பாக் பொறுப்பேற்ற ஜெர்மானியர் குரும்பீகல், மாதத்துக்கு ஒரு மரம் பூக்கும்படி நகரத்தைத் திட்டமிட்டார். 1980-களில் வனத்துறை அதிகாரி நெகின்ஹால் தலைமையில் சுமார் 15 லட்சம் கன்றுகள் நடப்பட்டன.

அதே மாதங்களில்தான் காற்றும் மழையும் வருகின்றன. 2024 ஜூன் 2-ஆம் தேதி ஒரே நாளில் 111 மி.மீ. மழை. ஜூன் மாதத்தில் இப்படிக் கொட்டியது 133 ஆண்டுகளில் அதுவே முதல் முறை. மறுநாள் காலை, சாய்ந்த மரங்களும் முறிந்த கிளைகளும் பல சாலைகளை அடைத்திருந்தன.

பழி மழை மீது விழுகிறது. ஆனால் காயம் அதற்கு முன்பே பட்டிருக்கும். கழிவுநீர்க் கால்வாய்க்கும் கேபிளுக்கும் தோண்டும்போது ஒரு பக்கத்து வேர்கள் போய்விடுகின்றன. மிச்சத்தை நடைபாதை சிமென்ட் மூச்சுத் திணற வைக்கிறது. மேலே, மின்கம்பிக்காக ஒரு பக்கக் கிளைகளை மட்டும் கழிக்கிறார்கள். பாரம் மறுபக்கம் சாய்கிறது. மேலே இலை பசுமையாக இருக்கும், அடிமரம் உள்ளே பொத்தலாக இருக்கும்.

அந்த மரத்தில்தான் ஒருவர் ஏற வேண்டும். தெரிந்த ஆள் முதலில் வேரைப் பார்ப்பார். அடியில் காளான் முளைத்திருந்தால் கெட்ட சகுனம். கொட்டாப்புளியால் தட்டினால் 'டொம்' என்ற சத்தம் உள்ளிருக்கும் பொந்தைச் சொல்லிவிடும். மின்சாரம் நிறுத்தப்பட்டதா என்று உறுதி செய்யாமல் ஏறுவது தற்கொலை. தன்னைக் கட்டும் கயிறு, வெட்டப்போகும் கிளையில் இருக்கக் கூடாது. கேட்கச் சிரிப்பு வரும், அவசரத்தில் நடப்பதுண்டு.

கனமான கிளையை அப்படியே விழவிட முடியாது. கீழே கார், ஓட்டு வீடு, கம்பி. அதனால் கிளையில் கட்டிய வடத்தை மேலுள்ள கவையில் போட்டு, கீழே அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றுகிறார்கள். உராய்வு பாரத்தைத் தாங்க, வடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறார்கள். அறுக்கும்போது முதலில் அடிப்பக்கம் சிறிது வெட்டு, பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து. இல்லாவிட்டால் பட்டை கிழிந்து, கிளை ஏறியவர் மேலேயே திரும்பும். மோட்டார் ரம்பத்தின் மேல் நுனி மரத்தில் பட்டால் ரம்பம் முகத்தை நோக்கி எகிறும். வெளிநாடுகளில் இதற்கென்றே, சங்கிலியைச் சிக்க வைத்து நிறுத்தும் நூல்கள் வைத்த கால்சட்டை உண்டு. இங்கே சாதாரண பேன்ட், பல நேரங்களில் வெறுங்கால், தலையில் துண்டு.

கடைசியில் தண்டு. விழ வேண்டிய பக்கம் ஆப்பு வடிவில் வெட்டி, பின்பக்கமிருந்து அறுத்து வந்து, நடுவில் ஒரு பட்டையளவு மரத்தை விட்டு நிறுத்த வேண்டும். கதவுக்குக் கீல் போல அதுதான் மரத்தைத் திசைதிருப்பாமல் சாய்க்கும். அதையும் அறுத்துவிட்டால் மரம் தன் இஷ்டத்துக்கு விழும்.

சட்டம் மரத்தின் பக்கம் இருக்கிறது. 1976-ஆம் ஆண்டு கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி மர அதிகாரியின் அனுமதியின்றி வெட்டக் கூடாது. 2016-இல் 800-க்கும் மேற்பட்ட மரங்களைக் கேட்ட இரும்பு மேம்பாலத்தை எதிர்த்து ஊரே தெருவில் இறங்கியது. அடுத்த ஆண்டு அரசு அதைக் கைவிட்டது. ஏறுகிறவருக்காக யாரும் தெருவில் இறங்கியதில்லை.

மாலைக்குள் துண்டுகள் லாரி ஏறிவிடும். அடிக்கட்டை மட்டும் பெரும்பாலும் அங்கேயே நிற்கும். அதைத் தோண்டினால் கீழே கேபிள்.