பரண் மேல் ஒரு புட்டி

நம் வீட்டுப் பரணில் வெகுகாலமாக ஒரு பச்சைக் கண்ணாடிப் புட்டி இருக்கிறது. சின்னப் பாட்டியார் அதில் விளக்கெண்ணெய் வைத்திருந்தார். சென்ற மாதம் அதைத் துடைத்துப் பார்த்தபோது, அரைகுறையாய் ஒட்டியிருந்த காகிதத்தில் 'போர்தோ' என்ற பிரெஞ்சு நகரத்தின் பெயர் புலப்பட்டது.

அது வந்த வழி நமக்குத் தெரியும். நம் கிராமத்திலிருந்து காரைக்கால் நாலு மைல். 1739-ல் பிரெஞ்சுக்காரர் வசமான அவ்வூர், 1954 நவம்பர் முதல் தேதிவரை அவர்களுடைய ஆட்சியிலேயே இருந்தது. சென்னை மாகாணம் முழுவதிலும் மதுவிலக்கு அமலுக்கு வந்தது 1948-ஆம் வருஷம், காந்தியடிகளின் பிறந்த நாளன்று. ஆகவே ஆறு வருஷ காலம் வரப்புக்கு இப்பால் விரதம். அப்பால் பிரெஞ்சு தேசம்! சின்னத் தாத்தா வாரம் தவறாமல் வரப்பைத் தாண்டினார். பெரும்பாலும் சாராயந்தான், அறுவடைப் பணம் கையில் இருந்தால் சீமைத் திராட்சை மது. பாட்டியாருக்குப் பிறந்தகத்தார் கொடுத்த மஞ்சட்காணி ஒரு வேலி நன்செய், மா மாவாகக் கிரயமாயிற்று.

புட்டியைக் கண்டபின் போர்தோவைப் பற்றிப் படிக்கலானோம். அந்நகரத்தை அடுத்து 'ஓ பிரியோன்' என்று ஒரு பழைய திராட்சைத் தோட்டம். 1525-ல் ழான் தெ பொந்தாக் என்பவருக்கு அந்நிலத்தில் ஒரு பகுதி மனைவியின் சீதனமாக வந்ததாம்! அவர் மேலும் நிலம் வாங்கிச் சேர்த்து மாளிகையும் எழுப்பினார். 1663-ல் லண்டன்வாசியான ஸாமுவேல் பீப்ஸ் அத்தோட்டத்து மதுவைப் பருகி, இப்படியொரு தனி ருசியைக் கண்டதில்லை என்று நாட்குறிப்பில் எழுதி வைத்தார். 1855-ல் பாரிஸ் கண்காட்சிக்காகத் தரம் பிரித்தபோது முதல் வரிசையில் நின்ற நான்கு தோட்டங்களில் அதுவும் ஒன்று.

தஞ்சாவூர்க்காரர் நம்பத் தயங்கும் சமாசாரம் ஒன்று உண்டு. அந்த மண் வெறும் கூழாங்கல். நாம் ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறக்குமா என்று வானத்தைப் பார்க்கிறோம். அங்கேயோ இத்தகைய தோட்டங்களுக்கு நீர் பாய்ச்சுவதைச் சட்டமே பொதுவாகத் தடுக்கிறது. கொடி தாகத்தோடு வேரை ஆழமாக இறக்கினால்தான் பழத்தில் சாரம் ஏறுமாம். நம் வண்டலில் நட்டால் இலைதான் மண்டும். பழத்தைத் தோலோடு புளிக்கவிட்டு, ஓக் மரப் பீப்பாய்களில் மாதக்கணக்கில் வைக்கிறார்கள். பழைய சம்பா அரிசியின் அருமை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1860-களுக்குப் பின் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு வேர்ப்பூச்சி பிரெஞ்சுக் கொடிகளைச் சூறையாடியது. அமெரிக்க வேரிலேயே பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டித்தான் பிழைத்தார்கள். நம் ஒட்டுமாங்கன்று மாதிரி.

சின்னத் தாத்தா குடித்தது அத்தோட்டத்துச் சரக்காயிராது. அந்த விலைக்கு ஒரே வருஷத்தில் வேலி முழுவதும் போயிருக்கும். காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்த பிறகும் அங்கே கடைகள் மூடவில்லை, அவரும் நிறுத்தவில்லை.

அவர் காலமான பின் பாட்டியார் புட்டியை எறியவில்லை. சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி எண்ணெய் ஊற்றினார். சனிக்கிழமைதோறும் நம் உச்சந்தலையில் அதிலிருந்துதான் வைப்பார். "ஒரு வேலிக்கு இதுவாவது மிஞ்சிற்றே, அப்பா!" என்பார், பிறகு கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுவார்.