மதுவும் மாண்டவர் பெயர்களும்

கலே துறைமுகத்திற்குக் கப்பலேறி வரும் ஆங்கிலேயருக்கு இரண்டு யாத்திரைகள் உண்டு. ஒன்று மதுக்கடைக்கு, மற்றது மயானத்திற்கு. பிரான்சில் மதுவுக்கு வரி குறைவு. பிரெக்ஸிற்றுக்குப் பின்னர், 2021 முதல், தீர்வையின்றி ஆளுக்கு 18 லீற்றர் வைனும் 42 லீற்றர் பியரும் கொண்டு செல்லலாம். ஒரு காரின் பின்புறத்தைத் தாழ்த்த அதுவே போதும்!

அதே கார் தியெப்வால் நோக்கித் திரும்புவதை நான் முரணாகக் கருதுவதில்லை. 1916 யூலை 1 ஆம் திகதி, சோம் சமரின் முதல் நாளில் மட்டும் 19,240 பிரித்தானியப் படையினர் மடிந்தனர். அக்களத்தில் கல்லறையே அறியப்படாத 72,000க்கும் மேற்பட்ட பிரித்தானிய, தென்னாபிரிக்கப் படையினரின் பெயர்கள், 1932 இல் திறக்கப்பட்ட தியெப்வால் நினைவுச்சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அதனை வடிவமைத்த லட்யன்ஸே கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவிலுள்ள போர் நினைவுத்தூணையும் வடிவமைத்தவர்.

மரணங்களை எண்ணிக்கையாக எழுதிப் பழகிய பத்திரிகைக்காரன் நான். எண்ணிக்கையை வாசகர் மறுநாளே மறந்துவிடுவர். பெயரை வீட்டார் மறப்பதில்லை. காணாமற்போன பிள்ளைகளுக்காகத் தாய்மார் இன்றும் காத்திருக்கும் நாட்டிலிருந்து பார்க்கையில், பெயர்கள் நிறைந்த அந்தச் சுவர்கள் எனக்குப் பொறாமையூட்டுகின்றன. கொள்ளுப்பேரன் வைன் போத்தல்களோடுதான் வரட்டுமே! நூறாண்டு கடந்தும் ஒரு பெயரைத் தேடி வருகிறானல்லவா?