நகல் இருக்கு... திரும்ப வருமா?

செஞ்சி வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்த போன் அது. அரிசிக்குள் புதைத்து வைத்து இரண்டு நாள் காத்திருந்தும் உயிர் வரவில்லை. போன் போனதில் அப்பாவுக்குக் கவலையில்லை. "ஏம்மா, அம்மா பேசி அனுப்பினதெல்லாம் அதுலதானே இருந்துச்சு?" என்றார். அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

சென்னையிலிருந்து வந்திருந்த மகளுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. 40 டெராபைட் டேட்டாபேஸ் ஒன்றைப் பாதுகாப்பதுதான் அவள் வேலை. "பேக்கப் போட்டு வெச்சிருக்கேன்ப்பா. ஆனா திரும்ப எடுத்துப் பார்த்ததில்ல" என்றாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. ஆபீஸிலும் அதே கதைதான்.

அங்கே ஞாயிறுதோறும் முழு நகல். மற்ற நாள்களில் மாறியது மட்டும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை, நடந்த மாற்றங்களின் பதிவு. அத்தனையையும் தினமும் நகலெடுக்க நேரமும் போதாது, செலவும் கட்டாது. நெல் மண்டியில் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற அப்பாவுக்கு இது உடனே புரிந்தது. "வருஷக் கடைசி இருப்பு, அப்புறம் நாள்கணக்கு. பேரேடு தொலைஞ்சாலும் இது ரெண்டையும் வெச்சுத் திரும்ப எழுதிடலாம். நடுவுல ஒரு ஏடு கிழிஞ்சா போச்சு. சரி, உங்களுக்குத் திரும்ப எழுத எவ்ளோ நேரம் ஆகும்?"

நொடிக்கு 500 மெகாபைட் வேகத்தில் வந்தாலே சுமார் 22 மணி நேரம்.

"அதுவரைக்கும் கடை மூடியிருக்குமா?"

"இன்னொரு சர்வர் கூடவே ஓடும்ப்பா. ஒண்ணு விழுந்தா அது எழுந்துக்கும்."

"யாராவது தப்பா அழிச்சிட்டா?"

"அதுலயும் அழிஞ்சிடும்" என்றாள். அதனால்தான் இரண்டாவது சர்வர் இருந்தாலும், தனி நகலும் வேண்டும்.

2017 ஜனவரி 31 அன்று 'கிட்லேப்' நிறுவனத்தில் ஒரு இன்ஜினீயர் தவறுதலாக முக்கிய டேட்டாபேஸை அழித்துவிட்டார். நம்பியிருந்த பேக்கப் முறைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. வேறு வேலைக்காகச் சுமார் 6 மணி நேரம் முன்பு எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசு டேட்டா சென்டர் தீப்பிடித்தது. அரசு ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகளுக்கு வெளியே நகலே இல்லை. அளவு மிகப் பெரியது என்பதுதான் சொன்ன காரணங்களில் ஒன்று.

மாலையில் புது போன் வந்தது. பழைய சிம்மைப் போட்டு, பேக்கப்பைத் திரும்ப எடுக்கச் சொல்லிவிட்டு இருவரும் மொட்டைமாடிக்குப் போனார்கள். எதிரே ராஜகிரி.

"1689-ல சம்பாஜியைக் கொன்னாங்க. தலைநகர் ராய்கட்டும் அந்த வருஷமே போச்சு. ஆனா அவர் தம்பி ராஜாராம் தப்பிச்சு இங்க வந்துட்டார். சிவாஜி 1677-லயே பிடிச்சு வெச்ச கோட்டையாச்சே" என்றார் அப்பா. "முகலாயப் படை வருஷக்கணக்கா சுத்தி நின்னுது. 1698-ல இதுவும் விழுந்துச்சு. ஆனா ராஜாராம் முன்னாடியே தப்பிச்சிட்டார். அரசு பிழைச்சுது. ரெண்டு கோட்டையும் பக்கத்துப் பக்கத்துல இருந்திருந்தா?"

அவளுக்கு ஆபீஸ் நினைவு வந்தது. சர்வரும் நகலும் ஒரே கட்டடத்தில்தான் இருக்கின்றன.

போன் ஒலித்தது. முடிந்துவிட்டது. அப்பா நடுங்கும் விரலால் தொட்டார். "வரும்போது பூ வாங்கிட்டு வாங்க, மறந்துடாதீங்க" என்றது அம்மாவின் குரல். இன்னொரு முறை தொட்டார்.

அன்றிரவே அத்தனை குரலும் ஒரு பென் டிரைவில் ஏறி, திண்டிவனத்தில் சித்தி வீட்டு பீரோவுக்குப் போக ரெடியானது. திங்கள்கிழமை மேனேஜரிடம் அவள் கேட்டது ஒன்றுதான்: "சார், வேற ஊர்ல ஒரு காலி சர்வர் வேணும். நம்ம பேக்கப் அதுல திரும்ப வருதான்னு பார்க்கணும்."