முதலில் எங்கள் வீட்டுக்குத் தைப்போம்

விதவையின் வீடு அழகாக இருக்கலாமா? இந்தக் கேள்வியை எவரும் மேடையில் கேட்பதில்லை. வாசற்படியில் நின்றுதான் கேட்பார்கள். 2009 ஆம் ஆண்டு எனக்குக் கிடைத்த புது வீட்டின் ஹோலில் நான்கு குசனும் யன்னலுக்கு ஒரு திரையும் போட்டிருந்தேன். அடுத்த வளவு மாமி வந்து எட்டிப் பார்த்தார். "என்ன புள்ள, மாப்புள இல்லாத ஊட்டுக்கு இவ்வளவு சோக்கு எதுக்கு?" என்றார். அவர் கெட்ட மனசுக்காரி அல்ல. எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுவருபவர் அவர்தான். ஊர் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை அவர் எனக்குச் சொன்னார்.

என் கணவர் 1990 இல் வயலுக்குப் போகும் வழியில் கொல்லப்பட்டார். மகளுக்கு அப்போது இரண்டு வயது. நான் இத்தா இருந்தேன். மார்க்கம் சொன்ன கணக்கு நான்கு மாதமும் பத்து நாளும். அது முடிந்தால் முடிந்ததுதான். ஆனால் ஊர் வைத்திருக்கும் இத்தாவுக்கு முடிவே இல்லை. நிறமான சாரி உடுத்தால் ஒரு பார்வை, சிரித்தால் ஒரு பார்வை. பாண்டிருப்பில் இருக்கும் என் தமிழ்ச் சிநேகிதி ஒருத்தியும் கணவனை இழந்தவள். அவளுக்கு இத்தா இல்லை. ஆனால் பொட்டும் பூவும் போன பிறகு அவளுடைய வீட்டு வாசலிலும் இதே பார்வைதான். இரண்டு ஊர்களும் பல விடயங்களில் சண்டை பிடித்தன. இந்த ஒரு விடயத்தில் மட்டும் நல்ல ஒற்றுமை.

நான் மருதமுனையில் பிறந்தவள். கல்முனைக்கு வடக்கே, பாண்டிருப்புக்கும் பெரியநீலாவணைக்கும் நடுவில் இருக்கும் நெசவு ஊர். சாரனும் கைத்தறிச் சாரியும் என்றால் இலங்கையில் பலருக்கு எங்கள் ஊர்தான் நினைவுக்கு வரும். என் வாப்பாவும் நெசவாளி. நான் சின்னவளாக இருந்தபோது சுபஹு தொழுகை முடிந்த கையோடு தறிச் சத்தம் தொடங்கிவிடும். 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்து, மலிவான வெளிநாட்டுத் துணி கடைகளில் குவிந்த பிறகு அந்தச் சத்தம் வீடு வீடாகக் குறைந்தது. வாப்பா கடைசிவரை விடவில்லை. சாரன் ஓரத்தில் ஒரு நூல் தவறினாலும் பிரித்துவிட்டு மறுபடி நெய்வார். நிறங்களைச் சேர்ப்பதை நான் அவரிடம்தான் படித்தேன். பச்சைக்குப் பக்கத்தில் ஊதா வைக்கலாமா என்று கேட்டால், "வெச்சிப் பாரு, கண்ணு சொல்லும்" என்பார்.

கடற்கரை ஓரத்தில் இருந்த எங்கள் வீடு 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஞாயிறு காலையில் போய்விட்டது. இலங்கையில் அன்று அதிக உயிர்களை இழந்த மாவட்டம் எங்கள் அம்பாறை மாவட்டம். அந்த நாளைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. அதற்குப் பிறகு வந்த நான்கு வருடங்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். முதலில் கூடாரம், பிறகு பலகைக் கொட்டில். தந்த பாயில் படுத்தோம், தந்த வாளியில் குளித்தோம், தந்த உடுப்பை உடுத்தோம். தந்தவர்களுக்கு நன்றி. ஆனால் நான்கு வருடம் ஒரு பொருளின் நிறத்தையாவது நாங்கள் தெரிவு செய்யவில்லை. எல்லா வாளியும் நீலம். எல்லாருடைய நுளம்பு வலையும் ஒரே வெள்ளை. முகாமில் இருந்த சகோதரிகளுக்கு இது விளங்கும்.

அதனால்தான் புது வீட்டுச் சாவி கைக்கு வந்தபோதும் அது வீடாகத் தோன்றவில்லை. இரண்டு அறை, ஒரு ஹோல், சீமெந்துத் தரை, வெள்ளைச் சுவர். வரிசையில் இருந்த எல்லா வீடும் அப்படித்தான். ஒரு தடவை இருட்டில் என் மகள் பக்கத்து வீட்டுக் கதவைத் தள்ளிவிட்டாள்!

இடையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் கரையில் வீடு என்பது பெண்ணுக்குத்தான். மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து, மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பதுதான் வழக்கம். சுனாமிக்குப் பிறகு படிவங்களில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு இடம் இருந்தது. அதில் ஆண்களின் பெயரை எழுதியதால், சீதனமாகப் பெண்ணுக்கு இருந்த வீட்டுக்குப் பதிலாக வந்த வீடு பல இடங்களில் கணவனின் பெயருக்குப் போனது. நான் விதவை என்பதால் என் வீடு என் பெயரில் வந்தது. விதவையாக இருந்ததில் எனக்குக் கிடைத்த ஒரே இலாபம் அது.

அந்த வருடமே மகளுக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்தால் பிளாஸ்டிக் கதிரையிலா இருத்துவது என்று மகளுக்குக் கவலை. கல்முனை பஸாரில் ஒரு கடையில் செற்றி பார்த்துவிட்டு வந்தாள். முன்பணம் கொஞ்சம், மிச்சம் மாதம் மாதம் கட்டலாமாம். நானும் போய்ப் பார்த்தேன். பஞ்சுபோன்ற மெத்தை, பளபளப்பான துணி. ஆனால் கடைப்பிள்ளை சொன்ன மாதக் காசை இருபத்து நான்கால் பெருக்கிப் பார்த்தேன். அந்தச் செற்றியைக் கையில் காசு கொடுத்து வாங்கினால் என்ன விலையோ, அதைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வந்தது. நான் தையல் கூலியில் வாழ்பவள். ஒரு மாதம் தவறினால் வாகனம் வந்து தூக்கிப்போகும். அதை ஊரே பார்க்கும்.

மகள் அழுதாள். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். இன்றைக்கும் அந்த முடிவில் எனக்கு மாற்றமில்லை. பின்னாட்களில் எங்கள் கிழக்கிலும் வடக்கிலும் நுண்கடன் எடுத்த பெண்கள் பட்ட பாட்டைப் பார்த்தோமே. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், வாரா வாரம் படலையில் வந்து நிற்கும் ஆட்கள். 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்யும் அளவுக்கு அது போனது. எல்லாரும் செற்றிக்காகக் கடன் எடுக்கவில்லை. ஆனால் வீட்டுச் சாமானுக்கு என்று தொடங்கியவர்களும் அதற்குள் இருந்தார்கள்.

செற்றிக்குப் பதிலாக என்ன செய்தோம்? சாச்சியின் வளவில் உடைந்த தறி ஒன்றின் மரங்கள் கிடந்தன. நல்ல வைரமான மரம். தச்சரைப் பிடித்து இரண்டு வாங்கு அடித்தோம். மரவாங்கில் இருந்தால் முதுகு நோகும். அதற்குத்தான் குசன்.

துணிக்கு நான் கடைக்குப் போகவில்லை. தறி வைத்திருப்பவர்களிடம் பாவு முடியும் இடத்தில் மிஞ்சும் துண்டும், பழுது விழுந்த துணியும் இருக்கும். முழுத் துணியின் விலையில் சிறு பங்குக்குத் தருவார்கள். 2022 இல் ரூபாய் விழுந்து நூலும் சாயமும் விலை ஏறிய பிறகு துண்டுக்கும் விலை ஏறியது. ஆனாலும் இறக்குமதிக் குசன் துணியைவிடக் குறைவுதான். உங்கள் ஊரில் தறி இல்லாவிட்டால் தையல்காரரின் வெட்டுத் துண்டு, பழைய சாரி, பிள்ளைக்குச் சிறுத்துப்போன சட்டை எதுவும் உதவும். கைத்தறித் துணியைத் தைக்க முன்னர் தனியாகப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். சாயம் போவது நிற்கும்வரை இரண்டு மூன்று தரம் அலசி, நிழலில் காயவிடுங்கள். இல்லாவிட்டால் விருந்தாளியின் வெள்ளைச் சட்டையில் உங்கள் குசனின் நிறம் போய்விடும்.

பதினாறு அங்குலச் சதுரக் குசனுக்கு அளவு சொல்கிறேன். முன்பக்கத்துக்குப் பதினேழுக்குப் பதினேழு ஒரு துண்டு. பின்பக்கத்துக்குப் பதினேழுக்குப் பன்னிரண்டு இரண்டு துண்டு. பின்துண்டு ஒவ்வொன்றிலும் ஒரு நீள ஓரத்தை ஒரு அங்குலம் மடித்துத் தையுங்கள். பிறகு முன்துண்டின் நல்ல பக்கத்தின் மேல் இரண்டு பின்துண்டையும் நல்ல பக்கம் கீழே பார்க்க வையுங்கள். மடித்த ஓரங்கள் நடுவில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி வரவேண்டும். சுற்றிவர அரை அங்குலம் விட்டுத் தைத்து, மூலைகளை நறுக்கி, திருப்பினால் உறை தயார். நடுவில் ஐந்து அங்குலம் ஏறியிருப்பதால் சிப்பும் வேண்டாம், பட்டனும் வேண்டாம். கடற்கரை வீடுகளுக்கு இதுவே நல்லது. உப்புக் காற்றில் இரும்புச் சிப் ஒரு வருடத்தில் துருப்பிடித்து, துணியிலும் மஞ்சள் கறை விழுத்தும்.

உள்ளே அடைக்க இலவம் பஞ்சு. பங்குனி, சித்திரை வெயிலில் காய் வெடிக்கும்போது பொறுக்கினால் காசே இல்லை. கொட்டையை எடுத்து, வெயிலில் காயவைத்து, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு அடையுங்கள். தூசு இழுப்புக்காரருக்கு ஆகாது. ஒரு குசனுக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகப் போகும். பஞ்சை நேராக உறைக்குள் போடாமல் வெள்ளைத் துணிப் பை ஒன்றில் அடைத்து வாயைத் தைத்தால், உறையை மட்டும் கழற்றித் தோய்க்கலாம். பஞ்சைத் தோய்த்தால் கட்டிபட்டுவிடும். இலவம் பஞ்சு தண்ணீரை இலேசில் உறிஞ்சாது, மிதக்கும். முன்னர் கப்பல்களில் உயிர்காப்பு அங்கிகளுக்குள் இதைத்தான் அடைத்தார்களாம். இதைக் கேட்ட நாளில் எனக்குக் கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை.

நான்கு குசனில் மூன்று துண்டுத் துணியில் தைத்தது. நாலாவது என் கணவரின் சாரன். எங்கள் கலியாணத்துக்கு வாப்பா நெய்து கொடுத்தது. கரும்பச்சையும் அரக்கும் கலந்த கட்டம். தாத்தாவின் வீட்டுப் பெட்டகத்தில் இருந்ததால் கடலுக்குத் தப்பியது. பத்தொன்பது வருடம் அதை மடித்தே வைத்திருந்தேன். மடிப்பு விழுந்த இடத்தில் நூல் நைந்து வரத் தொடங்கியது. இனியும் வைத்தால் மடிப்போடு அறுந்துவிடும். மௌத்தானவரின் உடுப்பை இப்படிப் பாவிக்கலாமா என்று மௌலவி ஒருவரிடம் கேட்டேன். தடை எதுவும் இல்லை என்றார். நைந்த துணியைத் தனியாகத் தைக்கக் கூடாது. அடியில் புதுத் துணி ஒன்றை வைத்து, இரண்டையும் சேர்த்து நெருக்கமாக நூலோட்டிவிட்டுத்தான் வெட்ட வேண்டும். அப்படியே செய்தேன். கத்தரிக்கோலை வைக்கும்போது மகள் என் பக்கத்தில் இருந்தாள். வாப்பாவின் முகம் அவளுக்கு நினைவில்லை. அவர் உடுத்த துணியை அவள் முதல் தடவையாக அன்றுதான் தொட்டுப் பார்த்தாள். பிறகு பிள்ளை வயிற்றில் இருந்தபோது முதுகுக்கு அந்தக் குசனைத்தான் வைத்துப் படுப்பாள்.

பழந்துணியில் மௌத்தானவர்களின் நினைவைத் தைத்தது நாங்கள் மட்டுமல்ல. தென்னமெரிக்காவின் சிலி நாட்டில் 1973 இராணுவப் புரட்சிக்குப் பிறகு கணவனையும் பிள்ளைகளையும் காணாமல் போகக் கொடுத்த பெண்கள், சாக்குத் துணியில் துண்டுத் துணிகளை வைத்துத் தங்களுக்கு நடந்ததைப் படமாகத் தைத்தார்கள். வங்காளத்துப் பெண்கள் கந்தலாகிப்போன சாரிகளை அடுக்கி நூலோட்டிக் 'காந்தா' போர்வை செய்வது நெடுங்கால வழக்கம். எங்கள் மூத்தம்மாவும் பழஞ்சாரிகளை அடுக்கித் தைத்துப் பிள்ளைக்கு விரித்தார். அதற்கு அவர் பெயர் ஒன்றும் வைக்கவில்லை.

மற்ற அலங்காரங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓரம் பிய்ந்த பன்பாயில் சாயமிட்ட நல்ல பகுதியை வெட்டி, ஓரத்துக்குச் சாரன் துண்டு பிடித்து, குர்ஆன் வசனச் சட்டத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறேன். உருவப்படம் வைக்காத வீடுகளுக்குப் பாயின் கட்டமும் கோடும் நல்ல பொருத்தம். பழைய வொயில் சாரியை இரண்டாகக் கிழித்தால் யன்னல் திரை. காற்றும் வரும், தெருவில் போகிறவர் கண்ணும் மறையும். சிரட்டையை உரஞ்சி எண்ணெய் பூசி ஊசி நூல் போடலாம். பிளாஸ்டிக் பூ மட்டும் வேண்டாம், சகோதரிகளே. வேலியோரத்துச் செம்பருத்தி இருக்கும்போது அந்தத் தூசுபிடித்த சாமானுக்கு ஏன் காசு?

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், வாங்கில் இருந்தார்கள், தேத்தண்ணி குடித்தார்கள். குசனைப் பற்றி எவரும் ஒன்றும் சொல்லவில்லை. சம்பந்தம் முடிந்தது. செற்றி இல்லை என்றும் எவரும் சொல்லவில்லை.

தையல் பற்றி எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு தையல் மெசின் கொடுக்காத நிறுவனம் குறைவு. ஒரே தெருவில் பத்து மெசின், பத்துப் பேரும் அதே தலையணை உறை, வாங்க ஆளில்லை. நாங்கள் எது செய்தாலும் அது வருமானத்துக்காகவே இருக்க வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொல்வார்கள். 'உன் வீட்டு ஹோலுக்கு என்ன நிறம் பிடிக்கும்?' என்று ஒருவரும் கேட்டதில்லை. எனக்குக் குசன் உறைக்கு ஓடர் வந்தது உண்மைதான். இன்றைக்கும் மாதத்தில் சில வரும். ஆனால் அது என் வாங்கில் இருந்து பார்த்தவர்கள் கேட்டதால் வந்தது. விற்பதற்கு என்று முதலில் தைத்திருந்தால், பச்சைக்குப் பக்கத்தில் ஊதாவை வைத்துப் பார்க்கும் துணிவு எனக்கு வந்திருக்காது.

அடுத்த வளவு மாமி இன்னும் வருவார். அந்தப் பச்சையும் ஊதாவும் கலந்த குசனில்தான் சாய்ந்து இருப்பார். இப்போது கண் தெரிவது குறைவு. துணியைத் தடவிப் பார்த்து, "இது வாப்பாட தறியா புள்ள?" என்று கேட்பார். இல்லை மாமி, இப்போது வேறு பொடியன்கள் நெய்கிறார்கள் என்பேன்.

வெட்டி முடிந்த பிறகு விரல் அகலத் துண்டுகள் ஒரு பிடி மிஞ்சும். அவற்றை எறிய வேண்டாம். இலவம் பஞ்சு போதாவிட்டால் அவற்றைச் சின்னதாக நறுக்கிப் பையின் நடுவில் வைத்து, சுற்றிவரப் பஞ்சை அடையுங்கள். குசன் கொஞ்சம் பாரமாக இருக்கும். வாங்கில் இருந்து வழுக்காது.