மார்கேட் கடலும் அம்மம்மாவும்

இந்த வருசமும் யாழ்ப்பாணத்துக்கு ரிக்கற் போடக் காசு காணாது. மகளுக்கு இரண்டரை வயது. பிளேனில அவளுக்கும் தனிச் சீற் எடுக்கவேணும். லண்டனிலிருந்து கிட்டடியில் எங்கே போகலாம் என்று யோசித்தோம். ரயிலில் ஐந்து வயதுக்குக் கீழே இலவசம். பள்ளிக்கூடம் தொடங்காத பிள்ளை என்றபடியால் லீவுக் கூட்டத்துக்கு முதலே, ஜூனில், மார்கேட்டில் மலிவாக அறை எடுத்தோம். குசினியும் இருந்தது, சோறும் பருப்பும் நாங்களே சமைத்தோம்.

கடல் வற்றினால் மணல் நீண்டுகொண்டே போகும். மகள் நாள் முழுக்க வாளியும் கையுமாக அங்கேதான். செலவில்லாத விளையாட்டு.

மத்தியானம் வட்ஸ்அப்பில் அம்மம்மாவுக்குக் கடலைக் காட்டினோம். "தண்ணி குளிருதோ பிள்ளை?" எண்டு கேட்டா. தொட்டுப் பார்க்கட்டும் என்று மகள் வாளியைப் போனுக்கு நீட்டினாள். எங்கள் ரெண்டு பேருக்கும் கதை வரேல்லை.

மிச்சம் பிடிச்ச காசை ஊர் ரிக்கற்றுக்கு எண்டு தனியாக வைத்திருக்கிறோம்.